கழுத்தோரத்து மஞ்சள்

முதலில் ஒற்றை அடி. அதற்கப்புறம் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமிருக்காது. பிறகுதான் கை ஓயாமல், உத்தரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டின்மேல் இரும்புக் கம்பி விழத் தொடங்கும். இருபத்தோரு வருஷமாயிற்று. அந்தச் சத்தத்தைவிட, முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவே கிடந்த இடைவெளிதான் ஆவுடையம்மாளுக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரே வரிசையில் எட்டு வீடு. மணி விழுந்ததும் எட்டு வீட்டிலும் அடுப்பை அணைத்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கூட இரண்டாம் நாளே செய்துவிடுவாள். அரிசி பாதி வேக்காட்டில் நிற்கும். வண்டி திரும்பி வந்து, இறங்குகிற தலைகளை ஜன்னல் வழியே எண்ணிப் பார்த்த பிறகுதான் மறுபடியும் தீக்குச்சி கிழிப்பது. அதுவரைக்கும் காதுக்கு மட்டும்தான் வேலை. வண்டி வாசலைத் தாண்டி இடப்பக்கம் போனால் கடைத்தெரு, கூரை வீடு, இல்லையென்றால் கிணற்றில் விழுந்த மாடு. வலப்பக்கம் போனால் பஞ்சுப் பொதி அடுக்கிய கிட்டங்கி. எஞ்சின் உறுமல் தேய்கிற விதத்திலேயே எந்தப் பக்கமென்று தெரிந்துவிடும். அன்றைக்குப் பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், மத்தியானம் மூன்று மணி, புருஷன் கொம்பையாவின் காக்கிச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வலப்பக்கம் போயிற்று.

டக். உள்ளே யாரோ மேஜையை மர அடிமட்டத்தால் தட்டுகிறார்கள். ஒரு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் எண்ணைச் சொல்கிறார்கள். அந்த நிறுத்தம்தான் அவளை இங்கிருந்து பிடித்து அங்கே தள்ளியிருக்க வேண்டும். முப்பத்தொன்பது. அவள் கையில் வியர்வையில் ஊறிப்போன காகிதத் துண்டில் நாற்பத்தேழு என்றிருந்தது. இன்னும் எட்டுப் பேர். டிரஷரி வராந்தாவில் மே மாதத்து வெயில் பாதி பெஞ்சுவரை ஏறிவிட்டது. பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து முகத்தைக் காட்டிப் போக வேண்டும், நேர்காணல் என்று பேர். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஏட்டையா உட்கார்ந்துகொண்டு, உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் நானே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, என் வீட்டுக்காரியைக் கேட்டால் இல்லையென்றுதான் சொல்வாள் என்று சொல்ல, பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஆவுடையும் சிரித்தாள். சிரிக்கும்போது கை தானாகப் போய் முந்தானையைக் கழுத்தோடு இழுத்துவிட்டது. உயிரோடு இருப்பதை நிரூபிப்பது அவளுக்குச் சுலபம். அவள் பயமெல்லாம் அதே தாளின் கீழ்ப்பாதியில் இருந்தது. கணவன் இறந்து குடும்ப ஓய்வூதியம் வாங்குகிற பெண் அங்கே இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும்: நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். முதல் பதின்மூன்று வருஷம் அந்த வரியை அவள் வாசித்ததுகூட இல்லை. கடைசி ஆறு வருஷமாக அதைத் தவிர வேறெதையும் அந்தத் தாளில் அவள் வாசித்ததில்லை. அந்த வரி நடுவாசலில் படுத்திருக்கிற நாயைப்போல, கடிக்காது என்று தெரிந்தாலும் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. இன்றைக்கு விடியற்காலையில் மஞ்சள் கயிற்றைக் கழற்றி அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் வைத்துவிட்டு, கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. தேங்காயெண்ணெய் தடவித் துணியால் தேய்த்தாள். தோல் சிவந்ததுதான் மிச்சம். போன வாரம்தான் புதுக்கயிறு மாற்றியிருந்தாள், வெயிலில் வியர்த்து வியர்த்து மஞ்சள் கழுத்தோரத்தில் கோடாக இறங்கியிருந்தது. ஆறு வருஷமாக நேர்காணலுக்குப் பத்து நாள் முன்பே கயிற்றைக் கழற்றிவிடுகிறவள், இந்த வருஷம் தேதியை எப்படி மறந்தாள்? கயிறு கட்டிய தளவாய்க்கு இருமல் கூடிப்போனது, ராத்தூக்கம் இல்லை, அதனால்தான். அதனால்தானா? கயிறு கழுத்தில் இருப்பதே ஞாபகத்தில் இல்லாத அளவுக்கு அது பழகிவிட்டது. அதுதான் தப்பு. பழகிவிடக் கூடாது.

நாற்பது. நாற்பத்தொன்று வரவில்லை, நாற்பத்திரண்டு. மஞ்சள் கோடுகூடப் பரவாயில்லை. கம்பி வலைக்கு உள்ளே, மூன்றாவது மேஜையில், தலையைக் குனிந்து ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தது ரூபாவதி. தை மாதம் எதிர்வீட்டுக்குக் குடிவந்த ரூபாவதி. கவர்மெண்ட் ஆபீஸில் வேலை என்று சொன்னாள். எந்த ஆபீஸ் என்று ஆவுடை கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் திருப்பி நம்மையும் கேட்பார்களே என்று எதையும் யாரிடமும் கேட்காமல் இருந்து பழகியதில் வந்த வினை. தாலுக்கா ஆபீஸாக இருக்கும், பள்ளிக்கூடத்து ஆபீஸாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். சாம்பாருக்கு ஒரு கை புளி வாங்க வந்தவள், வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, சாருக்கு இருமல் தேவலையா அக்கா என்று கேட்டாள். அன்றைக்குக் கயிறு சேலைக்கு மேலே கிடந்தது. தேவலை என்று இவள் சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது, ஒளிக்க ஒன்றுமில்லாமல் இருந்தது, ஒரு பெண்டாட்டி இன்னொரு பெண்டாட்டிக்குச் சொல்கிற மாதிரி அவ்வளவு லேசாகச் சொன்னாள். இப்போது எழுந்து போய்விட்டால் என்ன? மூன்றாவது மேஜைதான் குடும்ப ஓய்வூதியம். நாளைக்கு வந்தாலும் அதே மேஜை, அதே ரூபாவதி. வராமலே இருந்துவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். நின்றால் ஏன் நின்றது என்று ஒரு பேப்பர் நடக்க ஆரம்பிக்கும். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பேச்சித்தாய், போலீஸ்காரர் பெண்டாட்டியாக இருந்தவள், இவளுக்கு வருஷத்துக்கு ஒருநாள் சிநேகிதி, தொடையில் தட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வடக்கே ஒரு ஊரில் ஒரு வாத்தியார் பெண்டாட்டி, புருஷன் பென்ஷனையும் வாங்கிக்கொண்டு இன்னொருத்தனோடு எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி மொட்டைப் பெட்டிசன் போட்டுவிட்டாளாம். வாங்கியது பூராவையும் திருப்பிக் கட்டச் சொல்லி, கட்ட முடியாமல் வீடு ஏலத்துக்குப் போனதாம். “எதுத்த வீட்டுக்காரிய மட்டும் நம்பக் கூடாது, ஆவுடை. புளி வாங்க வருவா, பொழப்பை வாங்கிட்டுப் போயிருவா” என்றாள் பேச்சித்தாய். பேச்சித்தாய்க்குத் தெரியுமோ? தெரிந்துதான் சொல்கிறாளோ? புளி என்று ஏன் சொன்னாள்? புளிதான் எல்லாரும் வாங்குவார்கள். உப்பு வாங்க மாட்டார்கள், அதனால் புளி. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் கிளம்பும்போது தளவாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவில் சொன்னார்: “கேட்டா உள்ளதைச் சொல்லிரு. எத்தனை நாளைக்குப் பயந்து சாவ?” அவருக்கு எல்லாம் நேர்ரோடு. முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். வழியில் நிற்கிறவன் விலகுவான் என்றே நினைத்துப் பழகியவர். ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிந்துவிடலாம், கொம்பையா பென்ஷன் போனால் போகட்டும், என் பென்ஷன் இரண்டு பேருக்குத் தாராளம், நான் செத்தால் உனக்கு அது வரும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவள்தான் ஆகட்டும், ஆகட்டும் என்று தள்ளிப்போட்டாள். இலஞ்சிக் கோவிலில் வைத்துக் கட்டச் சொன்னதும் இவள்தான். சாமிக்குத் தெரிந்தால் போதும், சர்க்காருக்குத் தெரிய வேண்டாம் என்று அன்றைக்கு ஏதோ பெரிய சாமர்த்தியம்போலச் சொன்னாள். அக்கா தங்கை மூன்று பேரைக் கரையேற்றிவிட்டுக் கல்யாணம் இல்லாமலே ரிட்டயர் ஆன மனிதர், ஐம்பத்தெட்டு வயதில் கயிறு கட்டும்போது முடிச்சு விழாமல் மூன்று தரம் கட்டினார். அவருக்கு என்ன தெரியும் பேப்பரைப் பற்றி. கொம்பையா போனபிறகு பென்ஷன் வந்து சேர இரண்டு வருஷம் ஆனது. இரண்டு வருஷமும் ஒரு பேப்பர் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்த இரண்டு வருஷம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். தீயணைக்கப் போய்ச் செத்தவன் பெண்டாட்டி தீப்பெட்டி ஒட்டுகிறாள் என்று முதலாளி ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னார், சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். பசை காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சோற்றைப் பிசைந்தால் பசை வாடைதான் வரும். அந்த இரண்டு வருஷத்துக்கு மறுபடி போக முடியாது. இந்தப் பென்ஷனை விட்டுவிட்டு, கல்யாணத்தைப் பதிந்து, அந்தப் பேப்பர் நடந்து நடந்து வருகிறதற்குள் தளவாய்க்கு ஒன்று ஆகிவிட்டால்? இருமலில் இப்போது ஒரு கீச்சுச் சத்தம் கலந்திருக்கிறது. ஆயுசு முழுக்க மற்றவர் வீட்டுப் புகையைக் குடித்த நெஞ்சு. இரண்டும் கெட்டு நடுவில் நிற்பாள். கொம்பையாவுக்கும் பெண்டாட்டியில்லை, இவருக்கும் பெண்டாட்டியில்லை. இதை எப்படி ஒரு ஆம்பளைக்கு விளக்கிச் சொல்வது, அதுவும் நீங்கள் செத்துப்போனால் என்று தொடங்குகிற ஒரு கணக்கை, அந்த ஆளின் முகத்துக்கு நேரே?

கொம்பையாவுக்கு இன்னும் முப்பத்தொரு வயதுதான். முதலில் அவுக என்றுதான் மனசுக்குள் நினைப்பாள். எந்த வருஷத்தில் அவுக அவனாக மாறினானோ தெரியவில்லை. இவளுக்கு நாற்பத்தொன்பது ஆகிவிட்டது, அவன் ஒரு தம்பிபோலப் பின்னால் நின்றுவிட்டான். பஞ்சுத் தீ மற்றத் தீயைப்போல இல்லை என்பான். வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாது, பொதி வெள்ளையாகவே இருக்கும், உள்ளே உள்ளே ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும், கையை வைத்தால்தான் சூடு தெரியும் என்று தன் உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்துக் காட்டுவான். அன்றைக்கு அணைந்துவிட்டது என்று எல்லோரும் வெளியே வந்தபிறகு, பொதியைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று அவன் ஒருத்தன்தான் திரும்ப உள்ளே போனான். அடுக்கு சரிந்தது. கால்மணி நேரம் கழித்து அவனைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தது தளவாய். வண்டி திரும்பி வந்தபோது எட்டு வீட்டு ஜன்னலிலும் எண்ணினார்கள், ஒரு தலை குறைந்தது, ஏழு வீட்டில் அடுப்புப் பற்றவைத்துவிட்டுத்தான் அவளிடம் வந்தார்கள். அதை இன்றுவரை அவள் தப்பாக நினைக்கவில்லை. தானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள். ஆனால் மாதா மாதம் வருகிற அந்தப் பென்ஷன் அவனுடைய மூச்சுதானே. அந்த மூச்சில் தளவாய்க்கு இருமல் மருந்து வாங்குகிறாளே, இது என்ன? கொம்பையா கோபப்பட மாட்டான். தளவாய்ண்ணே தளவாய்ண்ணே என்று அவர் பின்னாலேயே சுற்றியவன். கோபப்பட்டால்கூடத் தேவலை. இந்தத் தாளில் மட்டும்தான் வருஷத்துக்கு ஒருமுறை அவன் பேரை முழுசாக எழுதிப் பக்கத்தில் தன் பேரையும் எழுதுகிறாள். அதுவும் போய்விட்டால் அவன் அப்புறம் யாருக்குச் சொந்தம்? இதெல்லாம் ஒரு சாக்கு என்றும் அவளுக்குத் தெரிந்தது. பயம்தான். பயத்துக்கு நல்ல சேலை உடுத்திப் பார்க்கிறாள்.

டக். நிறுத்தம். நாற்பத்தேழு. எழுந்தபோது பெஞ்சு அவளோடு எழுந்துவிட்ட மாதிரி இருந்தது, சேலை வியர்வையில் மரத்தோடு ஒட்டி, பிய்த்துக்கொண்டு வந்தது. ரூபாவதி நிமிர்ந்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை. தெரிந்த முகத்துக்குக் கண்ணில் வருகிற அந்தச் சின்ன அசைவு வந்தது, வந்த சுவடே இல்லாமல் போனது. பேரைக் கேட்டாள், தெரியாதவளைக் கேட்பதுபோல. பென்ஷன் புத்தகத்தை வாங்கித் திறந்தாள். முதல் பக்கத்தில் இருபத்தெட்டு வயது ஆவுடையம்மாள், வெறும் நெற்றியோடு, போட்டோக்காரன் நிமிரச் சொல்லியும் நிமிராத முகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். ரூபாவதி படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், படத்துக்குத் திரும்பாமல் கண் கழுத்திலேயே நின்றது. மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி வர எவ்வளவு நேரமாகிறது. பக்கத்து மேஜையில் சூப்பிரண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைப்பதை நிறுத்தினாரா, இல்லை அப்படித் தோன்றியதா. ஆவுடைக்கு அப்போது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. தொண்டைவரைக்கும் வந்தது. கட்டிக்கொண்டேன், ஆறு வருஷமாயிற்று, நல்ல மனுஷன், இருமிக்கொண்டு கிடக்கிறார். சொன்னால் இந்தக் கழுத்து அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். வாயைத் திறந்தாள். ரூபாவதி தாளைக் கம்பி வலைக்கு அடியில் தள்ளுகிற சாக்கில் குனிந்து, உதடு அசையாமல் சொன்னாள்.

“சேலையை இழுத்து விட்டுக்கோங்க.”

அப்புறம் நிமிர்ந்து, சூப்பிரண்டு மேஜைக்கும் கேட்கிற குரலில், ஏதோ படிவத்தில் விட்டுப்போன இடத்தை நிரப்புகிறவள்போலக் கேட்டாள்.

“வீட்டுல உங்ககூட இருக்கிறவர் உங்க கூடப்பிறந்தவர்தானே?”

அது கேள்வி இல்லை என்று ஆவுடைக்கு உடனே புரிந்தது. தண்ணீரில் கிடக்கிறவளுக்குக் கரையிலிருந்து எறிந்த கயிறு அது. பிடித்தால் பிடித்துக்கொள்ளலாம். எந்தக் கரைக்கு இழுத்துப் போகும் என்று யோசிக்க நேரமில்லை. எதிர்வீட்டுக்காரி, புளி வாங்க வந்தவள், தன் வேலையையும் கொஞ்சம் பணயம் வைத்து எறிந்திருக்கிறாள்.

“ஆமா” என்றாள் ஆவுடை. போதாதென்று தோன்றியது. “மூத்த அண்ணன்.”

சூப்பிரண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ரூபாவதி விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில் ஆவுடை கையெழுத்துப் போட்டாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே போட்டது மேலே போட்டதைவிட அழகாக விழுந்திருந்தது. ஸ்டாம்ப் குத்திய சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வருஷம் மே என்றாள் ரூபாவதி. பேச்சித்தாய் வெளியே கையை ஆட்டி, முடிந்ததா என்றாள். முடிந்தது என்றாள் இவள். பயம் இறங்கியிருக்க வேண்டும். மினிபஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அது இறங்கும் இறங்கும் என்று காத்திருந்தாள். அது இறங்காமல் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, கழுத்திலிருந்து எழுந்து அடிவயிற்றில். அண்ணன் என்று இவளை யார் சொல்லச் சொன்னது? ஆமா என்பதோடு விட்டிருக்கலாமே. அவள் கேட்டது ஒரு நிமிஷத்துக்கு, இவள் கொடுத்தது எத்தனை நாளைக்கு? இனி ரூபாவதி தெருவிலும் அப்படித்தான் சொல்லியாக வேண்டும். பால்காரம்மாவிடம், ரேஷன் கடையில், டாக்டரிடம். அவள் சொல்வாள், நல்லவள், தப்பாமல் சொல்வாள். கயிற்றை வீட்டுக்குள்ளும் இனிப் போட முடியாது. வீட்டில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தளவாய், செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“கேட்டாகளா?”

“இல்ல. ஒண்ணும் கேக்கல.”

நம்பினாரா என்று தெரியவில்லை. அப்படியானால் இந்த வாரமே ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்விடலாமே, கேட்பதற்கு முன்னால் நாமே போனமாதிரி இருக்கும் என்றார். வெயில் தாழட்டும், உங்களுக்கு உடம்பு தேறட்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். கஞ்சிக்கு உலை வைத்தாள். அடுத்த வாரம் பால்காரம்மா, உங்க அண்ணனுக்கு நெஞ்சுச்சளிக்கு ஆடாதோடை இலை கொண்டாரட்டா என்று வாசலிலிருந்து சத்தமாகக் கேட்டாள். கட்டிலில் இருந்தவருக்கும் அது கேட்டிருக்கும். அதற்கப்புறம் அவர் ரிஜிஸ்டர் ஆபீஸ் பேச்சை எடுக்கவில்லை.

தளவாய் அந்த வருஷம் ஐப்பசி மாதம், பெரியாஸ்பத்திரி ஆண்கள் வார்டில், மத்தியான வேளையில் இறந்துபோனார். நகராட்சி இறப்புப் பதிவேட்டில் அவருக்கு மனைவி பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. தகவல் தந்தவர் ஆவுடையம்மாள், உறவு தங்கை.